சீனாவில் கொசுறு உண்டா?

பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று புறப்பட்டவன், மாட்டுப் பொங்கலன்று காலையில்தான் திருச்சி வந்து சேர்ந்தேன். கப்பல் பினாங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து நாகப்பட்டினம் வந்ததற்கு நான் என்ன செய்ய? அடுப்பில் பொங்கல் பொங்கிய நேரத்தில் நான் நடுக்கடலில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். ஹாங்காங்கில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் எனக்குக் கணக்கர் வேலை. 1956ஆம் வருஷத்து விடுமுறை இது. எங்கள் ஊரில் ஹாங்காங் என்ற பெயர் யார் வாயிலும் நுழையாது. அவர்களுக்கு எல்லாமே சீனாதான்; நான் சீனாக்காரன்.

திருச்சியிலிருந்து விராலிமலை ஏறக்குறைய பதினெட்டு மைல். என் தகரப் பெட்டியைப் பஸ்ஸின் கூரைக்கு ஏற்றும்போதே கண்டக்டர் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்துவிட்டார். சொன்னதும் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

"சீனாச்சட்டி, சீனாவெடி எல்லாம் இங்கிட்டே கெடைக்குதே. அம்புட்டுத் தூரம் போயி என்னத்தக் கொண்டாந்தீங்க?"

ஒரு பட்டுத் துணியும் இரண்டு குடையும் என்றேன். பஸ் முழுவதும் சிரித்தது. கொண்டுவந்தது கொஞ்சம்தான், கூட்டிப்போக வந்ததுதான் பெரிய விஷயம். அதை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். குடும்பத்தோடு இருக்க இந்த முறை கம்பெனியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். என் மனைவி அடைக்கம்மாளைப் போன விடுமுறையிலும் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றாள். இப்போதும் அதையே சொன்னால் இன்னொரு மூன்று வருஷம் நான் அங்கே, அவள் இங்கே. கல்யாணமான பிறகு நாங்கள் சேர்ந்திருந்த நாள் மிகக் குறைவு. எனக்கு அது தாங்கவில்லை.

விராலிமலையில் இறங்கி, டீயும் இரண்டு மெதுவடையும் முடித்து, இலுப்பூர் வழியாகப் புதுக்கோட்டை போகும் பஸ்ஸைப் பிடித்தேன். மழை நன்றாகப் பெய்திருந்தது போலும். கண்மாய்களில் தண்ணீர் கிடந்தது. செம்மண் பூமி பச்சை பிடித்திருந்ததைப் பார்க்க மனசு நிறைந்தது. இலுப்பூரைத் தாண்டியதும் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு ஒரு மாட்டுக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. டிரைவர் ஆரனைத் தொடவில்லை. இன்றைக்கு அதுகளுக்குத்தான் ராஜ மரியாதை என்று என்ஜினை நிறுத்திவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். அவசரப்பட்டவன் நான் ஒருவன்தான்.

மத்தியானத்துக்குள் எங்கள் ஊரான அன்னவாசல் வந்துவிட்டது. ஆத்தாவுக்கு என்னைப் பார்த்ததில் கண்ணீர், நான் இளைத்ததில் கோபம். அடைக்கம்மாள் இலை போட்டு, எனக்கென்று எடுத்து வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலைப் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தேன். ஆத்தா தடை சொல்லவில்லை. இவள்தான் பிடி கொடுக்கவில்லை. கடலுக்குப் பயமா என்றேன், இல்லையாம். அங்கே பாம்பு தின்கிறார்களாம் என்று ஊரில் யாரோ சொன்னதற்குக்கூட, அது அவர்கள் சாப்பாடு, நமக்கென்ன என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

"பேச ஆளில்லாத ஊருல நான் என்ன செய்யிறது? நீங்க ஆபீசுக்குப் போயிருவீங்க. நான் கொலு பொம்மையாட்டம் ஒக்காந்திருக்கணுமா?" என்றாள்.

அவள் வாயாடி என்பது ஊரறிந்த சங்கதி. பேச்சை எடுத்துவிட்டால் அவளிடம் என்ன மிச்சமிருக்கும் என்று எனக்கே தெரியாது. நானே முதல் வருஷம் அங்கே ஊமையாகத்தான் திரிந்தேன். அறை, ஜன்னல், குழாய்த் தண்ணீர் என்று நாலைந்து நாள் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த வாரச் சந்தைக்கு இருவரும் போனோம். பை தூக்க நான், பேரம் பேச அவள். கத்தரிக்காய்க்காரியோடு வழக்கமான சண்டை நடந்தது. விலை படிந்து, காசு கை மாறிய பிறகு அடைக்கம்மாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தம்மாள் பார்க்காதவள்போல் தராசைத் துடைத்தாள். கடைசியில் தோற்றுப்போய், ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்துப் பைக்குள் போட்டாள். இருவர் முகத்திலும் சிரிப்பு.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எங்க கீரைக்காரிகூட இப்படித்தான்" என்றேன்.

"எந்தக் கீரைக்காரி?"

ஹாங்காங்கில் என் அறைக்குக் கீழே கடை போட்டிருக்கும் சீனத்தி என்றேன். கீரையைக் கோரைப்புல்லால் கட்டிக் கொடுப்பாள். கூடவே வெங்காயத் தாளும் காசில்லாமல் செருகிவிடுவாள் என்று சொன்னேன். அடைக்கம்மாள் நடுச்சந்தையில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த மூட்டைக்காரர் திட்டிக்கொண்டே விலகிப் போனார்.

"சீனாவுல கொசுறு உண்டா?"

"உண்டு."

"கேட்டாக் குடுப்பாளா, கேக்காமக் குடுப்பாளா?"

நான் கேட்டதே இல்லை என்றேன். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அவளாக எத்தனை கொடுப்பாள் என்று அடுத்த கேள்வி வந்தது. இரண்டு தாள் என்றேன்.

"ரெண்டா? அம்புட்டுக் கீரைக்கு ரெண்டா?" அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாய் பேசாத ஆம்பளைன்னு ஒங்கள நல்லா ஏமாத்தியிருக்கா. இருக்கட்டும், நானே வந்து கேட்டுக்கிறேன்."