கண்ட்ரோல் தட்டும் உருமாறியபோது

வளர்ச்சிக் காரணி சேர்த்த தட்டில் செல்கள் உருமாறின. அதைக் காட்டத்தான் எங்களுக்குச் சம்பளம். சேர்க்காத தட்டிலும் உருமாறின. அங்கேதான் வினை பிடித்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோவில் ஒரு புற்றுநோய் ஆய்வுகூடத்தில் செல் வளர்ப்பு என் பொறுப்பு. மார்பகச் செல்களுக்கு உணவு மாற்றுவேன், பெருகினால் பிரித்து வைப்பேன், இன்குபேட்டரைத் துடைப்பேன். எங்கள் தமிழர் நிறைய இருக்கும் புருசெத் பகுதியில் கல்யாண வீடுகளில் தெரிந்தவர்கள், "கான்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சோ?" என்று கேட்பார்கள். துடைத்த கதையைச் சொல்ல மனம் வராது. "கிட்ட வந்திட்டம்" என்பேன்.

எங்கள் தலைவர் ஓட்வார். நோர்வேயில் எல்லாரும் சமம் என்பதால் பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். மதியம் எங்களோடு உட்கார்ந்து, எங்களைப் போலவே பிரவுண் சீஸ் வைத்த பாண் ரொட்டி சாப்பிடுவார். எல்லாருடைய கருத்தையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு காலையிலேயே எடுத்த முடிவை அறிவிப்பார்.

சரவணன் கோயம்புத்தூரிலிருந்து வந்த போஸ்ட்டாக், முனைவர் பட்டம் முடித்து ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவர். நான் யாழ்ப்பாணத்தில் படித்தபடி 'கலம்' என்று சொன்னால் அவர் சமையல் பாத்திரத்தை நினைத்துக்கொள்வார்; அதனால் அவருக்காகச் 'செல்' என்று சொல்லப் பழகினேன். அவருடைய மனைவி லில்லெஸ்ட்ரோம் வீட்டில் நிறைமாதமாக இருந்தார். ஒப்பந்தம் முடியப் போகிற நேரம். நீட்டிப்பில் கையெழுத்திட வேண்டியவர் சமத்துவவாதி ஓட்வார்.

சோதனை இதுதான். இந்த மார்பகச் செல்கள் தட்டில் ஓடு பதித்ததுபோல் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் சேர்ந்தால், செய்தி புரதம் புரதமாகக் கைமாறி உட்கருவுக்குப் போகும். செல்களை ஒட்டவைக்கும் புரதம் குறையும். செல் நீண்டு, பிரிந்து, நகரத் தொடங்கும். புற்றுநோய் பிறந்த இடத்தில் அடங்காமல் பரவுவதற்கு இந்த மாற்றமும் ஒரு வழி. நிதி தருபவர்களின் கூட்டத்தில் ஓட்வார் இதைப் படத்தோடு காட்டப் போகிறார். உரையின் முடிவு சோதனைக்கு முன்பே எழுதியாகிவிட்டது.

அன்று காலை சரவணன் என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பைக் காட்டினார். காரணி சேர்க்காத கண்ட்ரோல் தட்டிலும் செல்கள் நீண்டு, ஆளுக்கொரு திசையில் கிடந்தன. லேபல் மாறியிருக்குமோ என்று திரும்பச் செய்தோம். அதே கோலம்.

ஓட்வார் இரண்டு படங்களையும் பார்த்தார். காரணி சேர்த்த படம் மிக அழகு என்றார். கண்ட்ரோலுக்குப் பழைய சோதனையிலிருந்து நல்ல படமொன்றை எடுத்து வைக்கலாமே என்றார். எங்கள் கருத்தையும் கேட்டார். அது சரியில்லை என்று சரவணன் சொன்னதும், "சுவாரசியமான கருத்து" என்று தலையாட்டினார். எங்கள் கூடத்தில் அதற்கு 'வாயை மூடு' என்று பொருள் என்பதை நான்தான் வெளியே வந்து விளக்க வேண்டியிருந்தது.

சரவணன் சிரிக்கவில்லை. "கையெழுத்து அவரு கைலதான் இருக்குங்க, அக்கா. குழந்தை பொறக்கப் போகுது. ஆனா அந்தப் படத்தை என் கையால மாத்தி வைக்க முடியாது."

"அப்ப மாத்தாதையும். உது ஏன் வந்ததெண்டு முதல்ல பாப்பம்" என்றேன்.

செல்களின் உணவில் ஏதாவது மாறியதா என்று சரவணன் கேட்டார். புதிய தொகுதி சீரம் தொடங்கியிருந்தேன். கன்றின் இரத்தத்திலிருந்து எடுப்பது. வளர்ச்சிக் காரணிகள் அதிலேயே உண்டு, அளவு தொகுதிக்குத் தொகுதி மாறும். அவருக்கு விளங்கிவிட்டது. நாங்கள் சேர்க்காததைச் சீரம் சேர்த்திருக்கிறது.

சீரமில்லாத உணவில் மறுபடி செய்தோம். வெறும் உணவில் செல்கள் ஓடுபோலவே இருந்தன. காரணி சேர்த்ததும் மாறின, முன்னைவிடக் குறைவாக. ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கூடவே போட்டபோது மாறவில்லை. ஆக, செய்தி போவது உண்மை. முதற்படத்தின் அழகில் பாதி கன்றினுடையது.

சரவணன் கெட்டுப்போன கண்ட்ரோல் உட்பட எல்லாப் படங்களையும் குழுவில் எல்லாருக்கும் அனுப்பினார். எல்லாரும் சமம் அல்லவா? அதன்பின் பழைய படத்தைச் செருக வழியில்லை. ஓட்வார் சில நாட்கள் மதியத்தில் தன் பாணோடு மட்டும் பேசினார். நீட்டிப்பு பற்றி மூச்சில்லை. சரவணன் வீட்டில் எதுவும் சொல்லாமல் வேறு நாடுகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினார்.

கூட்டத்தில் ஓட்வார் புதிய படங்களையே காட்டினார். முடிந்ததும் ஒருவர் எழுந்து, சீரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். ஓட்வார் புன்னகைத்து, "நாங்கள் தொடக்கத்திலிருந்தே சந்தேகப்பட்டோம்" என்றார். கைதட்டல். நிதி வந்தது. நீட்டிப்பும் வந்தது, சரவணன் கேட்டதில் பாதிக் காலத்துக்கு. அதற்குள் மகள் பிறந்திருந்தாள்.

"'நாங்கள்'னு சொன்னாரே அக்கா, அது யாரு?"

"பேராசிரியருக்கு மரியாதைப் பன்மை, தம்பி. ஆள் ஒண்டுதான்."

செல் வளர்ப்புப் பழக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சீரத்தின் தொகுதி மாறினால் கண்ட்ரோலைப் புதிதாகச் செய்யுங்கள். அந்தத் தட்டை முதலில் பாருங்கள், தலைவர் மற்றதைப் பார்த்து அழகென்று சொல்லுமுன். சொன்ன பிறகு கண்ட்ரோலைப் பார்க்க மைக்ரோஸ்கோப் மட்டும் போதாது.