சித்தியின் வேக வார்த்தைகள்

என் சித்தி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அடைத்த சின்ன அறை, ஒரு மைக், ஒரு மேசை விசிறி, சுவரில் வண்டி நேரங்களின் பலகை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்வது அவள் வேலை. அவசரமே அறியாத குரல். ஓடி வருகிறவன்கூட அதைக் கேட்டால் நடக்க ஆரம்பித்துவிடுவான் என்பார் சித்தப்பா.

அந்தக் குரலுக்குள் வேறொரு ஆசை இருந்தது. சைக்கிள் பந்தயத்துக்கு வர்ணனை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தய மைதானத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்துகொள்வாள்; வண்டிகள் சுற்றச் சுற்ற அவள் உதடு அசையும். பழைய வர்ணனையாளர் ஓய்வு பெற்றதும் மைதானக் குழுவிடம் போய் அவளே கேட்டாள். வெளி அணிகள் வருவதால் ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். தெரியும் என்றாள். ஒரு சிறிய பந்தயத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

நானும் சித்தப்பாவும் கேலரியில் இருந்தோம். வண்டிகள் கிளம்பியதும் வருடக்கணக்கான பழக்கம் முந்திக்கொண்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கிவிட்டாள். கேலரியே குலுங்கிச் சிரித்தது. பிறகு வந்ததெல்லாம் 'வெரி ஃபாஸ்ட்'தான். சிவப்புச் சட்டை வெரி ஃபாஸ்ட், நீலச் சட்டை வெரி வெரி ஃபாஸ்ட். கடைசிச் சுற்றில், எங்களுக்கு முன்னால் இருந்த கல்லூரிப் பையன்கள் அவள் வாய் திறப்பதற்கு முன்பே அதைக் கூட்டாகச் சொல்லத் தொடங்கினார்கள். சித்தப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுச் செயலாளர் நல்ல மனிதர். பெரிய பந்தய நாளில் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார். ஆண்கள் இறுதிப் போட்டியை ஒரு வானொலிக்காரர் சொல்வார், பெண்கள் இறுதிப் போட்டியைச் சித்தி சொல்ல வேண்டும். அன்றைக்கே இருவரில் ஒருவரை முடிவு செய்துவிடுவார்கள்.

மறுநாள் காலை சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ரெண்டு பாஷையும் படிச்சவதானே நீ. லேட்டாகறதுக்கு எங்கிட்ட இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தை இருக்கு பாரு. டிலேடு, போஸ்ட்போன்டு, ரீஷெட்யூல்டு, கேன்சல்டு. வேகத்துக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு. இது நியாயமா?"

"நீங்க பாக்கற வேலை அப்படி, சித்தி."

"கிண்டலை விடு. வார்த்தையைக் குடு."

பிரேக்நெக் என்று தொடங்கினேன். கழுத்து முறிகிற அளவு வேகம் என்று விளக்கமும் சொன்னேன்.

"வேணாம். ஓட்டற பொண்ணோட அம்மா கேலரியில உக்காந்திருப்பா."

"லைக் எ புல்லட்."

"துப்பாக்கி எல்லாம் எதுக்கு? குழந்தைங்க வர்ற இடம்."

"கிரீஸ்டு லைட்னிங். எண்ணெய் தடவின மின்னல்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார். "மின்னலே வழுக்கிட்டுத்தான் வருது. அதுக்கும் மேல எண்ணெயா? இவங்களுக்கு எதுவுமே பத்தாது போல."

"லைக் எ பேட் அவுட் ஆஃப் ஹெல். நரகத்துலேருந்து தப்பிச்ச வௌவால் மாதிரி."

"அது உங்க சித்தப்பா. ஒட்டடை அடிக்கணும்னு சொன்னதும் பாத்திருக்கியே."

இப்படிச் சலித்தும் நிறையவே மிஞ்சின. ஆனால் சித்தியின் முகம் தெளியவில்லை. "இதுல எது எதைவிட வேகம்?" என்றாள். அகராதியைப் புரட்டினேன். அதில் எல்லாமே மிகுந்த வேகம்தான்.

சித்தி தக்காளியைப் போட்டு மிக்ஸியைத் திருகினாள். முதல் ஸ்பீடு. "ஸ்விஃப்ட்," என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"உனக்கே கேக்கலையா? கேலரியில எவனுக்குக் கேக்கும்? தள்ளு."

'குவிக்' மிக்ஸி இரைச்சலை மீறிக் கேட்டது; முதல் ஸ்பீடுக்கு அது. இரண்டாவதில் 'ரேசிங்' தேறியது, 'ஜூமிங்' தேறியது. மூன்றாவதில் பெரும்பாலானவை இரைச்சலில் கரைந்தன. 'ஃப்ளையிங்', முழு மூச்சு வேகத்தைச் சொல்லும் 'ஃப்ளாட் அவுட்', 'லைட்னிங்' மட்டும் மேலே வந்தன. மின்னலை எண்ணெய் இல்லாமலே எடுத்துக்கொண்டாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் எல்லாமே கூழாக அரைபட்டது.

"மூணுலயே ஓட்டினா மோட்டார் புகையும்," என்று தனக்குத்தானே விதியும் போட்டுக்கொண்டாள். "கடைசிச் சுத்துக்கு முன்னாடி மூணு கிடையாது."

பந்தய நாள் வந்தது. வானொலிக்காரருக்குப் பட்டுப் போன்ற குரல். முதல் சுற்றிலேயே ராக்கெட், புல்லட், மின்னல் மூன்றையும் இறக்கிவிட்டார். மைதானம் அதிர்ந்தது. கடைசிச் சுற்று வந்தபோது அவர் மறுபடியும் ராக்கெட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. இருந்தாலும் நல்ல கைதட்டல் கிடைத்தது.

சித்தி மைக்கை வாங்கினாள். பெண்கள் நிதானமாகவே கிளம்பினார்கள், ஒருவரை ஒருவர் நோட்டம் விட்டபடி. சித்தியும் நிதானமாகவே சொன்னாள், தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. "வெரி ஃபாஸ்ட் எங்கே?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அவள் திரும்பவில்லை. செயலாளர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். சித்தப்பாவின் பார்வை மறுபடி செருப்புக்குப் போனது.

வெளி அணியின் மஞ்சள் சட்டை முன்னால் போனாள். 'ரேசிங்' வந்தது. எங்கள் ஊர்ப் பச்சைச் சட்டை எல்லோருக்கும் கடைசியில் இருந்தாள். கூட்டம் பேச்சை நிறுத்தியது. அப்போது கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது.

"ஃப்ளாட் அவுட்!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பச்சைச் சட்டை பந்தயப் பாதையின் வெளியோரச் சரிவில் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கீழே பாய்ந்தாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். "ஃப்ளையிங்!" என்றாள் சித்தி. மூன்றாவதாக ஒருத்தியையும் தாண்டியதும் "லைட்னிங்!" என்றாள். கேலரி முழுக்க எழுந்து நின்றது. கடைசி வளைவில் மஞ்சளின் பின்சக்கரத்தைப் பச்சை தொட்டுவிடும் போலிருந்தது, வேகம் இன்னும் கூடிக்கொண்டே போனது. சித்தியிடம் வார்த்தை தீர்ந்துவிட்டது. எனக்கு அது தெரியும்.

"நான்ஸ்டாப்! ஷி இஸ் நான்ஸ்டாப்!"

எந்த மொழிக்காரருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கிண்டல் செய்தவன்தான் முதலில் பிடித்துக்கொண்டான். பின்வரிசை, நடுவரிசை, வெளி அணியின் பயிற்சியாளர்கள் என்று மைதானம் மொத்தமும் "நான்ஸ்டாப், நான்ஸ்டாப்" என்று முழங்க, பச்சைச் சட்டை மஞ்சளை ஒரு டயர் அகலத்தில் முந்திக் கோட்டைத் தாண்டினாள்.

முதலில் வந்து கைகொடுத்தவர் வானொலிக்காரர். "அந்த வார்த்தை எனக்கு ஏன் தோணாமப் போச்சு, மேடம்?"

"நீங்க பஸ்ஸுக்குக் காத்திருந்ததே இல்ல போலிருக்கு," என்றாள் சித்தி. தொண்டை கரகரத்தது.

செயலாளர் பேனாவோடு வந்தார். "அடுத்த சீசன் பூரா நீங்கதாம்மா. அடையாள அட்டைக்குப் பதவிப் பேர் வேணும். அறிவிப்பாளர்னு போட்டுடட்டுமா?"

"வர்ணனையாளர்," என்றாள் பட்டென்று. கரகரத்த குரலில்கூட ஓர் எழுத்தும் மங்கவில்லை.

"மெதுவாச் சொல்லும்மா," என்றார் சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவர் எழுதிக்கணும் இல்ல."