தாய் தொண்ணூறு

இந்த ஊரில் மத்தியானம் ஒரு மணி ஆனால் கடைகள் தூங்கப் போய்விடும். முதலாளி ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார், சாப்பிடுவார், படுப்பார், நாலு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து திறப்பார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் பிழைக்க வந்து பத்து வருசத்துக்கு மேல் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. நம்ம ஊரில் பட்டப்பகலில் கடையைச் சாத்தினால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வந்த புதிதில் ஒரு தெரு முழுக்கச் சாத்திக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, யாருங்க தவறிட்டாங்க என்று ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரும் தவறல. தூங்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கயல், உனக்காகவும், ஊரில் இருக்கிற உன் பெரியப்பா பிள்ளைகளுக்காகவும், உன்னைப் போல அப்பா அம்மா பிழைக்க வந்த இடத்தில் பிறந்த மற்றப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீ பிறப்பதற்கு முன்னால் உன் அம்மாவுக்குப் பாலூட்டும் பாடி வாங்க நான் அலைந்த கதை இது. எழுத உட்கார்ந்தபோது உன் அம்மா கேட்டாள், "இதையெல்லாமா பிள்ளைகளுக்கு எழுதுவீக?" அந்தப் பிள்ளைக்காகத்தானே வாங்கப் போனேன் என்றேன்.

அப்போது நாங்கள் உப்பளத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நான் உழவர்கரையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். சன்னலுக்கும் அலமாரிக்கும் சாமி படத்துக்கும் கண்ணாடி அளந்து வெட்டிக் கொடுக்கிற வேலை. மரம் என்றால் கூடுதலாக இருப்பதை இழைத்துக்கொள்ளலாம். துணி என்றால் பிடித்துத் தைக்கலாம். கண்ணாடியில் அளவு தப்பினால் தப்பினதுதான். அதனால் என் சட்டைப் பையில் எப்போதும் இரும்பு டேப் இருக்கும். என் அளவு ஒருநாளும் தப்பாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

எட்டாவது மாதம் உன் அம்மா பேச்சிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இடதுபக்கமாகவே படுத்திருக்க வேண்டும், பிள்ளை முன்கூட்டியே வந்துவிடலாம், சின்னதாகத்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். நம்ம ஊர் வழக்கத்துக்கு அந்நேரம் பேச்சி அவளுடைய அம்மா வீட்டில் இருந்திருக்க வேண்டும். அவள் அம்மா இறந்து நாலு வருசம் ஆகியிருந்தது. என் அம்மாவோ படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை விட்டு நகர முடியாத நிலையில் இருந்தாள். ஆக இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான், மூன்றாவதாக நீ வயிற்றுக்குள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய சாமான்களை நர்சம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய பருத்திச் சேலை, முன்பக்கம் திறக்கிற நைட்டி, பிளாஸ்க், டம்ளர். கடைசியில், பாலூட்டும் பிரா இரண்டு. நான் அந்தக் கடைசி வரியைக் கண்டுகொள்ளாததுபோல் தாளை மடித்தேன். பேச்சி விடவில்லை.

"அந்த வார்டைப் பாத்தீகல்ல. எட்டுக் கட்டிலு. ஒவ்வொரு கட்டிலச் சுத்தியும் ஆம்பளையும் பொம்பளையுமா நாலு பேரு. அத்தன பேருக்கு முன்னால நெஞ்சத் தொறந்து போட்டுக்கிட்டு நான் எப்படிக் குடுப்பேன்? கூச்சத்துல பாலு வராமப் போயிட்டா? சின்னப் பிள்ளையா பொறக்கும்ங்கிறாக. அதுக்குப் பாலு ஒண்ணுதான் மருந்தாம்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்கம்மா இருந்தா சேலைய விரிச்சு மறச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எனக்கு எதுவுமே வேண்டியிருக்காது" என்றாள்.

அதுவரை பாடி என்பது கொடியில் துண்டுக்குக் கீழே மறைத்துக் காயப்போடுகிற ஒரு துணி, அவ்வளவுதான் எனக்கு. அன்றையிலிருந்து எனக்கு அதே நினைப்பாகிவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு மணி ஐந்து நிமிடம். அத்தனை ஷட்டரும் இறங்கியிருந்தது. அடுத்த நாள் சாயங்காலம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். கடை முழுக்கப் பெண்கள். விற்பவர் மட்டும் ஆண். கூட்டம் குறையட்டும் என்று உள்ளே ஓரமாக நின்றேன். குறையவேயில்லை. கடைசியில் அவரே என்னைப் பார்த்து, இன்னாண்ணா வேணும் என்று சத்தமாகக் கேட்டார். பிள்ளை பெத்தவங்க போடுற பாடி என்று சொல்லி முடித்தேன்.

"இன்னா சைஸ்?"

"எட்டாவது மாசங்க."

ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் சிரிக்கவில்லை. "மாசத்துக்கெல்லாம் சைஸ் கெடையாதுண்ணா. நெம்பர் சொல்லு. பீடிங்னா எங்கிட்ட முப்பத்திரண்டு மட்டுந்தான் இருக்குது. மத்தது வரணும்." எப்போது வரும் என்றால், வரும்போது வரும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்தேன். "சன்னலுக்கா அளக்கப் போறீக?" என்று பேச்சி சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். இரும்பு டேப் வளைந்து கொடுக்கவில்லை, பட்ட இடமெல்லாம் ஜில்லென்று கூச வைத்தது. பிறகு நூலைச் சுற்றி எடுத்து, நூலை டேப்பில் வைத்துப் பார்த்தேன். மார்புக்குக் கீழே எழுபத்தொன்பது சென்டிமீட்டர். மேலே தொண்ணூற்றாறு. அவளுடைய பழைய பாடி வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தோம். அதில் முப்பத்தாறு என்று பெரிதாகவும், அதற்குக் கீழே 90 செ.மீ. என்று சின்னதாகவும் அச்சடித்திருந்தது. எனக்குக் குழப்பமாக இருந்தது. அவள் உடம்பில் எந்த இடத்தை அளந்தாலும் தொண்ணூறு வரவில்லை. ஆனால் பெட்டியில் அச்சடித்தவன் என்னைவிடப் படித்தவனாக இருப்பான் என்று நினைத்து, தொண்ணூறு என்பதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

கீழ்வீட்டில் இருந்தது வீட்டுச் சொந்தக்காரரான எலேன் அக்கா. அவருடைய மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டை இங்கே சொல்தா வீடு என்பார்கள். அவர் வீட்டுக்காரர் பிரான்சில் வேலை செய்தார், வருசத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். எலேன் அக்கா பேசுவது தமிழ்தான், ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு விழும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

பேச்சிதான் அவரிடம் விசயத்தைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் நான் மாடிப்படி இறங்கும்போது எலேன் அக்கா நிறுத்தினார்.

"இன்னாண்ணா, இதுக்கா இவ்ளோ கவல? அவுரு பத்து நாள்ல லீவுல வர்றாரு. அங்க நல்ல நல்லதா இருக்கும். இன்னிக்கே போன்ல சொல்லிடறேன். தாய் என்னான்னு மட்டும் சொல்லுங்க."

இவ்வளவு நாள் பக்கத்தில் இருந்தும் பேச்சியின் அம்மா இறந்தது இவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். "தாய் இல்லக்கா. நாலு வருசமாச்சு" என்றேன்.

"நாலு வருசமாவா? அதெப்படிண்ணா இல்லாம போவும். உடம்புன்னு இருந்தா தாய்னு ஒண்ணு இருக்கத்தான செய்யும்."

"உடம்பைத்தான் அன்னைக்கே எரிச்சாச்சேக்கா. மஞ்சக்காமால."

எலேன் அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "பார்தோன், பார்தோன், மன்னிச்சிக்கங்கண்ணா. நான் அவங்கம்மாவக் கேக்கல. சைஸக் கேட்டேன். பிரெஞ்சுல சைஸுக்குத் தாய்னுதான் சொல்லுவோம்."

இருவரும் படியில் நின்று சிரித்தோம். ஆனால் எனக்குக் கண்ணும் கலங்கியது. துடைத்துக்கொண்டு, "தாய் தொண்ணூறுக்கா" என்றேன்.

"நல்லாத் தெரியுமா? நம்மூரு அளவுதான இது?"

"சென்டிமீட்டர் எந்த நாட்டுலயும் சென்டிமீட்டர்தானக்கா" என்றேன் கண்ணாடிக்காரனாகிய நான்.

எலேன் அக்கா வீட்டுக்காரர் வருவதற்குள் நீ வந்துவிட்டாய். அழுத்தம் ஏறி, அவசரமாக ஆபரேசன் செய்து எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உன் காதுமடல் அப்பளம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் நீ பாலே குடிக்கவில்லை. இரண்டாம் நாள் பேச்சி நைட்டியை இறக்குவதும், எதிர்க்கட்டிலுக்கு யாராவது வந்தால் சட்டென்று மூடிக்கொள்வதுமாக இருந்தாள். நர்சம்மா வந்து, "நீ கூச்சப்பட்டா புள்ள பட்டினி கெடக்கும், பாத்துக்க" என்று திட்டிவிட்டுப் போனார். பேச்சி சத்தமில்லாமல் அழுதாள். உன் அழுகையும் பூனைக்குட்டி மாதிரி தேய்ந்துகொண்டே வந்தது. நான் வராந்தாவுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நம்ம ஊராக இருந்தால் இந்நேரம் கட்டிலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், என்னை வாசலோடு விரட்டியிருப்பார்கள். விரட்ட ஆள் இல்லாதது எவ்வளவு பயம் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் எலேன் அக்காவே பையோடு வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் விடியற்காலையில் வந்து இறங்கியிருந்தார். அவரை அழைத்துவர நான் இறங்கிப் போனேன். வாசலில் காவல்காரர் பையில் என்ன என்று கேட்க, நான் அந்தச் சொல்லை வாய்வரை கொண்டுவந்து விழுங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் பாடி என்றால் வேறு பொருள். துணிங்க என்று சொல்லி உள்ளே போனோம்.

வெள்ளை நிறம், ஓரத்தில் பூ வேலை, தோளுக்குப் பக்கத்தில் ஒரு கையாலேயே திறக்கிற கொக்கி. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் மூடியே இருக்கும். பேச்சி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எலேன் அக்கா மறைத்துக்கொண்டு மாட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"தாய் போதலியே."

முதுகுப்பக்கம் கொக்கியும் வளையமும் சேரவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி. எலேன் அக்கா உள்ளே இருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். 90 என்றுதான் இருந்தது. "அங்கத்துத் தொண்ணூறுன்னா இங்கத்து முப்பத்திநாலு போல இருக்குது அண்ணா. அவங்க எங்கேந்து எண்ணுறாங்களோ. நானாவது யோசிச்சிருக்கணும்" என்றார். நான் சட்டைப் பையில் இருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடியாக இருந்தால் என் கையாலேயே உடைத்துப் போட்டிருப்பேன்.

பேச்சி என்னைப் பார்த்தாள். மாடிப்படிக் கதையை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். "தாய் போதலன்னா நம்ம தாயப் போட்டுக்கலாம். பையில எங்கம்மா சேல இருக்கு, எடுங்க" என்றாள்.

பிள்ளையைச் சுற்றுவதற்காக நாங்கள் கொண்டுவந்திருந்த பழைய பருத்திச் சேலை அது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. நர்சம்மாவிடம் கத்தரிக்கோல் வாங்கி, பேச்சி சொன்ன மாதிரி முந்தானையில் ஒரு துண்டு வெட்டினேன். நாலாக மடித்து, அந்த இடைவெளியில் வைத்து, இரண்டு பக்கமும் தைத்தேன். அவளால் குனிய முடியாது, எலேன் அக்காவுக்கு ஊசி பிடிக்க வராது. நானும் வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் தைத்தேன். ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு அளவு. விரலில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டேன். எதிர்க்கட்டில்காரரின் மாமியார், "ஆம்பள தைக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நூலை மட்டும் அவரே கோத்துக் கொடுத்தார்.

தலைவழியாக மாட்டியாயிற்று. மிச்சச் சேலையை விரித்து ஒரு முனையை எலேன் அக்கா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்தபடி நின்றோம். கை வலித்தது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, பின்னால் நீ பாலை விழுங்குகிற 'க்ளக்' என்ற ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எலேன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சேலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

அந்த ஒட்டுத் துண்டை பேச்சி கடைசிவரை பிரிக்கவில்லை. உடம்பு இளைத்து ஒட்டு இல்லாமலே போடலாம் என்று ஆனபிறகும், அது முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் நடந்த ஒரு விசயத்தால்தான். பொங்கலுக்கு உன் பெரியப்பா மகள் முத்துவுக்குப் பாவாடை சட்டை எடுக்க நீயும் நானும் போனோம். பழக்கதோசம், ஒன்றேகால் மணிக்குப் போய் நின்றேன். ஷட்டர் இறங்கியிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் நீ என் செல்போனில் முத்துவைக் கூப்பிட்டாய். எலேன் அக்கா பிள்ளைகளோடு வளர்ந்தவள் நீ, உனக்கு அந்தச் சொல் தானாக வருகிறது.

"முத்து, உனக்கு டிரெஸ் எடுக்க வந்திருக்கோம். உன் தாய் இன்னா?"

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாய், அதனால் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது.

"அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்கு."

"ஐயோ, அது இல்ல. தாய், தாய்."

"அதாம் சொல்லுதேம்ல. சாயந்தரந்தான் வரும்."

நீ போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னாய், "அப்பா, முத்துவுக்குத் தாய்னா இன்னான்னே தெரியலப்பா."

நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம், சித்தப்பா, சித்தப்பா என்று முத்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு முதலில் எதைச் சொல்வது என்று எனக்கு ஓடவில்லை. நீயோ அதற்குள் என் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டாய். "அவளும் என் ஒசரந்தான். என்னையே அளந்துக்கப்பா" என்று சொல்லி, சாத்தியிருந்த ஷட்டரில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாய். ஒரு கையில் முத்துவின் குரல். மறு கையில் டேப்பின் ஒரு முனை, இன்னொரு முனை உன் காலடியில். நாலு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.