படலையில் மறித்த ஊசி

தம்பியின் தொப்புளுக்குப் பக்கத்தில் நாவற்பழ நிறத்தில் கண்டியிருந்த அந்த இடம் இன்றும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதைப் பார்த்த கணத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

கொரோனா கடுமையாகி, ஆஸ்பத்திரியில் ஒட்சிசனில் கிடந்து பிழைத்து, அவன் உருத்திரபுரம் வீட்டுக்கு வந்திருந்தான். வீட்டில் நாங்கள் இருவர்தான். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை நாள்தோறும் வயிற்றில் போடும்படி டாக்குத்தர் கொடுத்துவிட்டிருந்தார். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த தாதி, எல்லோரும் மிசி என்று கூப்பிடுபவர், ஊசிகளைத் தன்னிடம் வைத்திருந்து, வேலை முடிந்து வந்து போடுவார்.

"வயித்தில குத்துறியள், எனக்கென்ன நாயே கடிச்சது?" என்றான் தம்பி.

"உம்மைக் கடிச்சிருந்தால் நாய்தான் பாவம்" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், காய்ச்சல் விட்டாலும் இரத்தக் குழாயின்ர உள்பக்கம் அழண்டு புண்ணாய்க் கிடக்கு. அதில இரத்தம் கட்டிச்செண்டால் அடைச்சுப்போடும். ஒருநாளும் விடக்கூடாது."

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். விளங்கியது. ஆனால் யுத்தத்தில் உடையார்கட்டில் ஷெல் விழுந்த அன்று, இதே தம்பியின் தொடையிலிருந்து பீறிட்ட இரத்தத்தை, உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டி முழங்காலால் அழுத்தி நிறுத்தியவனும் நான்தான். பக்கத்தில் கிடந்தவர்களுக்கு நிற்கவில்லை, செத்தார்கள். இரத்தம் உறைந்தால்தான் உயிர் என்று என் கைகள் படித்திருந்தன.

மூன்றாம் நாள் அந்தக் கண்டலைக் கண்டதும், உள்ளுக்குள் இரத்தம் ஒழுகுகிறது என்று முடிவு கட்டினேன். பின்னேரம் வந்த மிசியை, படலையைத் திறந்து உள்ளே வரவிடாமல் அங்கேயே மறித்தேன்.

"அது ஊசி போட்ட இடம், மாஸ்டர். மாறிப்போகும். வழி விடுங்கோ."

அவர் கையிலிருந்த ஊசிகளைப் பறித்துச் செருப்புக் காலால் மிதித்து நொறுக்கினேன். தடுத்தவரின் கன்னத்தில் அறைந்தேன். உதடு வெடித்தது. தம்பியிடம், "மிசி இனி வரமாட்டாவாம்" என்றேன்.

இரண்டு நாளில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். பாதம் குளிர்ந்து, பிறகு கறுத்தது. முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். நான் கட்டிக் காப்பாற்றிய அதே கால்.

மிசி எவரிடமும் முறையிடவில்லை. தம்பியோ, ஊசி போட வராமல் கைவிட்டவர் என்று, ஊன்றுகோலோடு அவரின் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்புவான். வருடக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். போன கிழமை அவர் முகத்திலேயே துப்பிவிட்டான். அவர் துடைத்துக்கொண்டு போனார்.

அன்றுதான் படலையில் நடந்ததை அவனிடம் சொன்னேன். ஊன்றுகோலால் நெற்றியில் அடித்தான். மறுபடி ஓங்கியவன் நிலைதவறி விழுந்தான். தூக்கப் போனேன்.

"தொடாதை. போய் மிசியைக் கூட்டிக்கொண்டு வா."

அவர் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டேன். வெளியே வந்தவர், என் முகத்தில் வழிந்த இரத்தத்தைக் கண்டார். ஓரடி பின்வாங்கி, கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார்.