என் வாயில் இன்னொருவர் குரல்

என் முகத்துக்கு வேறொருவர் குரலை ஒட்டினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தவறு. அன்றும் தவறு, இன்றும் தவறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... "பழசை ஏன் கிளறுறீங்க" என்று யாரும் கமென்ட் போட வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தாராபுரத்தில், ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. முகத்தில் பூசிய மேக்கப் வெயிலில் உருகி உதட்டுக்கு இறங்கும். சாக்பீஸ் ருசி. சட்டையில் மட்டும் தேங்காய்ப் பருப்பு வாசம். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, ஏனென்றால் அப்போது நான் காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் எடை போடுகிறவன். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து நடிப்பேன்.

நடிப்பு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரேடியோ நாடகம் கேட்டுக் கேட்டு நானே படித்தது. கோயில் விசேஷ மேடைகளில் என்னைப் பார்த்த ஒருவர், பதிமூன்று வார டிவி தொடர் ஒன்றில் வில்லன் வேடத்துக்குச் சேர்த்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டி போகும் தடத்தை அடைத்துவிடும் ஆள் நான். அவர் வந்து கெஞ்சுவார். நான் மறுக்க வேண்டும்.

இயக்குநர் சென்னைக்காரர். "நல்லா அதட்டுங்க சார்" என்றார்.

நான் அதட்டவில்லை. "வாங்க மாமா, உக்காருங்க. காப்பி குடிங்க. தடம் மட்டும் கேக்காதீங்க" என்றேன்.

"என்ன சார், விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி பேசுறீங்க?"

"சொந்தத்துல தடத்த அடைக்கறவங்க எங்கூர்ல இப்படித்தானுங்க பேசுவாங்க. சத்தம் போடறவன் ரெண்டு நாள்ல தொறந்து உட்ருவான். காப்பி குடுக்கறவன் தொறக்கவே மாட்டான்."

அந்த வீட்டுச் சொந்தக்காரர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவரு பேசறதக் கேட்டா எங்க பங்காளி நெனப்பு வருதுங்க. அடிவயிறு எரியுது" என்றார். இயக்குநர் சிரித்துவிட்டு ஓகே சொன்னார். கடைசிக் காட்சி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே எடுத்து முடித்தோம்.

டிவியில் வந்த முதல் நாள் எங்கள் ஊட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மகன் குரலையாவது கேட்கலாம் என்று டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

என் முகம் வந்தது. வாய் திறந்தது. "டேய், எவன்டா என் வாசல்ல நிக்கிறது?" என்று யாரோ ஒருவர் குரல். மேடையில் ராஜா வேஷம் கட்டிப் பழகிய தொண்டை.

"ஆரு சாமி இது?" என்றார் அம்மா.

"நாந்தானுங்கம்மா."

"நீ எங்க பேசற? எவனோ தடியனல்லோ கத்தறான். உன்ற முறை எப்ப வரும்?"

அரை மணி நேரமும் என் முறைக்காகக் காத்திருந்தார். விளம்பரம் வந்தபோதுகூட "இதுங்களா?" என்று பக்கத்து ஊட்டு அம்மணியைக் கேட்டார். தெரு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமும் அதே தடியன். ரயிலேறி சென்னைக்குப் போய் டப்பிங் தியேட்டர் வாசலில் நின்றேன்.

"உங்களை அங்கிருந்து வரவழைக்க நேரமில்ல சார். தவிர, வில்லன்னா வில்லன் மாதிரி கேக்கணும்" என்றார் இயக்குநர்.

"ஒரு லெட்டர் போட்டிருந்தா வந்திருப்பேனுங்களே. மீதி வாரத்துக்காவது என்ற குரல வைங்க. இல்லீன்னா கடைசி சீனுக்கு நான் வரமாட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசித்துத்தான் இருக்கிறார். பத்தாவது வாரம் தொடரில் ஒரே அழுகைச் சத்தம். சுவரில் என் போட்டோ, அதற்கு மாலை.

"ஆரு செத்தது?" என்றார் அம்மா.

"நாந்தானுங்கம்மா."

"ஒரு வார்த்தை பேசாமயே செத்துப்போட்டியா?"

மறுநாள் மில்லில் இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள். கேலிதான். நானும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் வழக்கம் ஒன்றுதான். வேடம் என்ன என்று கேட்பதற்கு முன் குரல் யாருடையது என்று கேட்பேன். அதனால் போன வாய்ப்புகள் நிறைய. வந்ததும் உண்டு... பெண்ணின் அப்பா, ஊர்த் தலைவர், கோயில் தர்மகர்த்தா. சினிமாவில் நாலு வரி, சீரியலில் நாற்பது வரி. எல்லாம் என் குரல். அம்மா கண் ஆபரேஷன் முடிந்து நன்றாகப் பார்க்க ஆரம்பித்த பிறகு என் அடுத்த தொடர் வந்தது. நான் பேசும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அது போதும். குறையொன்றும் இல்லாமல்தான் வாழ்ந்தேன்.

இப்போது ஒரு சின்ன மைக்கைச் சட்டையில் குத்தி, நடிக்கும்போதே குரலையும் எடுத்துவிடுகிறார்கள். நல்ல காலம். ஆனால் அந்தப் பழைய தொடரை யாரோ யூட்யூபில் ஏற்றிவிட்டார்கள். "ஐயாவின் கம்பீரக் குரல்" என்று கீழே பாராட்டு வேறு. ஆகவே சொல்கிறேன்.

ஏற்றியவர், முகம் என்னுடையது, குரல் என்னுடையதல்ல என்று அதன் கீழே எழுத வேண்டும். அந்தக் குரல்காரரின் பெயரைத் தொடரில் எங்கும் போடவில்லை. அவருக்கும் நடந்தது அநியாயம்தான். அவரைத் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. நம் பக்கத்திலிருந்து நடிக்கப் போகும் பிள்ளைகள், மேக்கப் போடுவதற்கு முன்பே குரலும் தங்களுடையதுதான் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இயக்குநர், கேட்காமல் செய்தது தவறு என்று தன் கைப்பட ஒரு வரி எழுத வேண்டும். மூன்று கடிதம் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். எனக்கும் பக்கத்தில்தான். அதனால் தை மாதத்துக்குள் எழுதிவிட வேண்டும்.