பேர் வெட்டப்பட்ட தம்பிக்கு மாரியம்மா வாங்கித் தந்த மருந்து

1998ஆம் ஆண்டு, ஆடி மாதம். சிறையிலிருந்து திரும்பிய என் தம்பி யோகராஜ், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து இருமினான். துணியெல்லாம் ரத்தம்.

நாங்கள் வேலை செய்வது இலங்கையில், ஓப்பநாயக்க பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அது போர்க் காலம். டவுனுக்குச் சாமான் வாங்கப் போனவனை, அடையாள அட்டை இல்லாத தமிழன் என்று போலீஸ்காரர்கள் பிடித்துப் போனார்கள். இரண்டு வருடம் அடைத்து வைத்துவிட்டு, வழக்கே இல்லை, போ என்றார்கள். நோயைக் கொடுத்து அனுப்பினார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து கொடுப்பவர் எட்டியே நின்றார்.

"வேலைக்கு வராததால தோட்டத்துப் பதிவுல இவன் பேர் வெட்டியாச்சு. பேர் உள்ளவங்களுக்குத்தான் மருந்து."

"இங்கேயே பொறந்து வளர்ந்தவன்ங்க. லொறியாவது குடுங்க, ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

"மறியல்ல, ஜெயில்ல இருந்து வந்தவனுக்கு லொறியா? மேனேஜர் தொரை என் பேரையும் வெட்டிருவாரு."

பஸ்ஸில் போனால் வழியெல்லாம் சோதனை. மறுபடி பிடித்துவிடுவார்கள். தோட்டத்து லொறியை மட்டும் யாரும் மறிப்பதில்லை.

கோயிலுக்குப் போய் மாரியம்மாவோடு சண்டை போட்டேன்.

"ஒனக்குக் கூழ் ஊத்துனோம், தேர் இழுத்தோம். ஒனக்குக் கண்ணு இருக்கா? அவனக் காப்பாத்து. இல்லாட்டி இனி ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

அழுகையே வரவில்லை. உடம்பெல்லாம் கோபம். அதைத் தந்தவள் அவள்தான் என்று நம்புகிறேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என் கூடையைக் கீழே போட்டேன்.

"லொறி வராம கொழுந்து இல்ல!"

நாலு பேர் முன்னால் பேச்சே வராதவள் நான். பக்கத்தில் நின்ற பாக்கியமும் கூடையைப் போட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். துரை கத்தினார், மிரட்டினார். வெயில் ஏறியும் ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை.

கடைசியில் லொறி வந்தது. சிங்கள டிரைவர் தம்பியைத் தாங்கி ஏற்றினார்.

"பய வென்ன எப்பா, அக்கே" என்றார். பயப்படாதே அக்கா என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் பேரும் ஊரும்தான் கேட்டார்கள். காசநோய். மருந்து இலவசம். எல்லாருக்கும் உரிய அந்த மருந்தை எங்களிடம் வரவிடாமல் தடுத்தார்களே! நினைத்தால் இன்றும் பற்றி எரிகிறது.

தம்பி பிழைத்தான். இன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை செய்கிறான். மாரியம்மா தந்த உயிர் அது. சுற்றுத் தோட்டங்களில் யார் சிறையிலிருந்து வந்தாலும் இப்போது நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். வாசலில் யாராவது மறித்தால் சத்தம் போடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி நோயோடு திரும்பிய ஒருவர் இருந்தால் அம்மாளிடம் போங்கள். திட்டத் தோன்றினால் திட்டுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் கும்பிட்டுவிட்டு வந்து படுத்துவிடாதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள். அவள் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பாள்.