டப்பாவுக்குள் திணித்த பஞ்சு

ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. கல்லூரியில் படிக்கும் என் மகள், தோட்டத்து மண் காய்ந்தால் சத்தமிடும் கருவி ஒன்று செய்தாள். கரண்ட் இல்லாத இடத்திலும் ஓடுவதற்காக, அதன் அடியில் பேட்டரி போர்டு ஒன்றை மாட்டி டப்பாவில் வைத்திருந்தாள்.

அதை வைக்கப்போகும் அறிவியல் கண்காட்சிக்காக இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். குலுக்கலில் வயர் கழன்றுவிடுமோ என்று பயந்து, கிளம்பும் முன்பே அவளுக்குத் தெரியாமல் டப்பாவுக்குள் மில் பஞ்சைத் திணித்திருந்தேன்.

பாதி வழியில் பஞ்சு கருகும் வாடை வந்தது. மில்லில் அந்த வாடை வந்தாலே பதறி ஓடுவோம். டப்பாவோ மகள் மடியில் இருந்தது.

"ஏட்டி, டப்பாவத் தொற!"

பஞ்சு அழுத்தியதில் சுவிட்ச் ஆன் ஆகி, போர்டை ஒட்டிய பஞ்சு புகைந்துகொண்டிருந்தது. அவள் பேட்டரி வயரைப் பிடுங்கினாள். நான் பஞ்சை இழுத்துப் போட்டு, மிதித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன்.

"போர்டு என்ன தூங்கவாம்மா போவுது, மெத்தை போட்டிருக்க? சூடு வெளிய போக வழி வேண்டாமா?" என்றாள். பேச்சுதான் கேலி, பிடுங்கிய வயரைக் கையிலிருந்து விடவேயில்லை.

இப்போது பஸ் ஏறும் முன் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கிறோம். என் பயம் போகவில்லை. ஆனால் அதை மகளிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவள் பொருளில் கை வைக்கிறேன்.